ரங்கூன் சுவரின் புதர்கள்

சிம்மக்கல், மதுரை
24 ஜூன் 2024

சாதிகா அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாமுக்குப் பதில் சொல்வது கடமை என்று என் காதைத் திருகிச் சொல்லிக் கொடுத்தவள் நீதான். பக்ரீத் அன்று, இனி உன்னிடம் வாய் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று அல்லா மேல் ஆணையிட்டாய். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் தபால் ஆபீஸுக்குப் போனேன். போனில் என்னை பிளாக் செய்துவிட்டாய். மேலூருக்கு பஸ் ஏறி வந்து நின்றால் நீ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாய், மச்சான் பாவம் டீயைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பார்.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் என் பக்கத்தையும் கேள். ஹாலின் மேற்குச் சுவர் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கிறது. பின்சந்துச் சாக்கடைத் தண்ணீர் எத்தனை வருடமாக அதன் காலடியில் ஊறியதோ தெரியவில்லை. மழைக்கு முன்னால் இடித்துப் புதுசாக எடுக்காவிட்டால் மேல்தளம் இறங்கிவிடும் என்று இன்ஜினீயர் சொல்லிவிட்டார். செப்டம்பரில் என் மகள் ஃபர்ஹாவுக்கு நிக்காஹ். அந்த ஹாலில்தான் ஜனம் உட்காரப் போகிறது. கொத்தனார் ஒரு மூலையைத் தட்டிப் பார்த்தார். கை அகலத்துக்குக் காரை பெயர்ந்தது, ஒட்டியிருந்த படத்தாளும் கிழிந்து கூடவே வந்தது. பக்ரீத்துக்கு வந்திருந்த நீ அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தாய். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். 'தாள்தானக்கா' என்றேன்.

பிறகு ஃபர்ஹா என்னைப் படுத்திய பாடு உனக்குத் தெரியாது. 'மாமி வரலைன்னா எனக்கு இந்த நிக்காஹே வேணாம்' என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். அவளேதான் தேடி ஓர் அம்மாவைக் கூட்டி வந்தாள். பெயர் தமிழ்வாணி. பேரையூர்க்காரர், நம் ஃபர்ஹாவை விடப் பத்து வயது கூட இருக்கும். பழைய சுவர்களில் இருக்கிற படங்களையும் தாள்களையும் சேதமில்லாமல் எடுத்துக் காப்பாற்றுவதுதான் அவருடைய வேலை. தர்ப்பூசணி வாங்குகிறவரைப் போல விரலால் சுவர் முழுக்கத் தட்டித் தட்டிக் கேட்டார். கடைசியில், 'சார், சுவரக் காப்பாத்த முடியாது. தாளக் காப்பாத்தலாம்' என்றார். செய்யுங்கள் என்றேன்.

தாளின் கதையைக் கேட்டார். அத்தாவின் பாட்டனார் ரங்கூனில் ஒரு வெள்ளைக்காரர் பங்களா ஏலத்தில் சுருள் சுருளாக வாங்கிக் கப்பலில் கொண்டு வந்தது, சுவர் முழுக்க ஒரே காட்சி, ஏரியும் மலையும் படகும் கரை நெடுகப் புதர்களும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அதற்கு மேல் நான் எதையும் கவனித்துப் பார்த்ததில்லை. நீ எழுது.

நிக்காஹுக்கு நீ வர வேண்டும். பேசாவிட்டால் போகிறது, வந்து உட்கார்.

தம்பி
யூனுஸ்


மேலூர்
29 ஜூன் 2024

யூனுஸுக்கு,

வ அலைக்கும் ஸலாம். இந்த ஒரு வரிதான் கடமை. இதற்குக் கீழே இருப்பதெல்லாம் கோபம்.

தாள்தானே என்று சொன்னாயே, அந்தத் தாளுக்கு முன்னால்தான் நீ தவழ்ந்தாய். உனக்கு அது சுவர். வத்தல் மண்டியிலிருந்து வந்தால் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவாய், ஆணிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நீ எட்டிப் பார்த்ததில்லை. அந்த ஆணி எந்த மலையில் அடித்திருக்கிறது என்று கேட்டால் இப்போதும் சொல்லத் தெரியாது உனக்கு.

எனக்கு டைபாய்டு வந்து கிடந்தபோது என் பாயை அந்த ஹாலில்தான் போட்டார்கள். எழுந்து நடக்கக் கூடாது. கண்ணால் அந்த ஏரிக்கரையில் நடந்துகொண்டே இருந்தேன். வடக்கு மூலையில் ஆரம்பித்து ஒவ்வொரு புதராகத் தாண்டி, மரப்பாலம் ஏறி, தெற்கே கோபுரம் மாதிரி தெரிகிற வீடு வரைக்கும். ஒரு ஆள் கிடையாது. படகு இருக்கும், படகுக்காரன் இருக்க மாட்டான். பாதை இருக்கும், போகிறவர்கள் இருக்க மாட்டார்கள். எல்லாரும் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருக்கிறார்கள், இப்போது வந்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொள்வேன். இப்படி நினைத்தேன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பாலத்துக்குப் பக்கத்தில், தரையிலிருந்து கொஞ்ச உயரத்தில் உருண்டையாக ஒரு புதர் உண்டு. அத்தா அஸர் தொழுகைக்குப் பிறகு தஸ்பீஹ் மணியை எடுத்துக்கொண்டு அதில் முதுகு சாய்த்துத்தான் உட்காருவார். அவர் தலை எண்ணெய் பட்டு அந்தப் புதர் கறுத்திருக்கும். அதை அழுக்கு என்று துடைத்து எடுத்துவிடப் போகிறார்கள், சொல்லி வை. தண்ணீர் கிண்ணத்தோடு யாரும் அந்தச் சுவர்ப் பக்கம் போகக் கூடாது. தையல் கடையில் இத்தனை வருடம் உட்கார்ந்திருக்கிறேன், சாயம் போகிற துணி எது என்று பார்த்தாலே தெரியும் எனக்கு. அந்த ஏரியின் நீலம் போகிற சாயம்.

நிக்காஹுக்கு வருவேன் என்று நான் எழுதவில்லை. எழுதியதாக ஃபர்ஹாவிடம் சொல்லி வைக்காதே.

சாதிகா


சிம்மக்கல்
8 ஜூலை 2024

அக்காவுக்கு ஸலாம்.

உன் கடிதத்தைத் தமிழ்வாணிக்குப் படித்துக் காட்டினேன், கோப வரிகளை விழுங்கிவிட்டு. சாயம் பற்றி நீ எழுதியது அப்படியே சரி. ஈரப் பஞ்சை ஏரியின் ஓரத்தில் தொட்டு எடுத்தார், பஞ்சு நீலமாகிவிட்டது. அதனால் படத்தின் முகத்தில் தண்ணீரே படக் கூடாது என்று முடிவாகிவிட்டது. வெங்காயத் தோல் போன்ற மெல்லிய தாளை, தண்ணீர் சேராத ஒரு பசையால் முதலில் முகத்தின் மேல் ஒட்டுகிறார்கள். கிழியாமல் அதுதான் பிடித்துக்கொள்ளுமாம். பிறகு ஓரத்திலிருந்து அகலமான கத்தியை விட்டுச் சுவரையும் தாளையும் மெல்லப் பிரிக்கிறார்கள். பிரித்ததை ஆள் உயரக் குழாயில் படம் வெளியே தெரியும்படி சுற்றி வைக்கிறார்கள். பசையில் மயில்துத்தம் கலந்து ஒட்டியிருக்கிறார் அத்தாவின் பாட்டனார். அதனால்தான் இத்தனை காலம் கரையான் கிட்டே வரவில்லையாம்.

காரை நைந்துபோன இடத்தில் தாள் சும்மா வந்துவிடுகிறது. தெற்கோரத்தில்தான் பாடு. காரை வேலைக்கு அவரோடு வந்திருக்கிற பேச்சிமுத்து, 'இது முட்ட வெள்ள போட்டு இழச்ச காரைண்ணே. லேசுல விடாது' என்றார். எனக்கு உன் ஞாபகம் வந்தது.

மண்டியைக் கணக்கப்பிள்ளையிடம் விட்டுவிட்டு நான் நாள் பூராவும் ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். வத்தல் நெடி இல்லாமல் எனக்கே வித்தியாசமாக இருக்கிறது.

இப்போது முக்கியமான விஷயம். நேற்று ஒரு புதருக்கு மேல் தூசி தட்டிக்கொண்டிருந்தார்கள். புதர் கழன்று என் காலடியில் விழுந்தது. விழுந்த இடத்தில் ஒரு கிழவர் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

தமிழ்வாணி டார்ச்சைச் சுவரோடு சுவராகச் சாய்த்துப் பிடித்துக் காட்டினார். புதர்கள் எல்லாமே ஒட்டு, அக்கா. மிச்சத் தாளிலிருந்து இலையாக வெட்டி எடுத்து மேலே ஒட்டியிருக்கிறார்கள். உருவம் இருக்கிற இடத்தில் தொழ முடியாது. ஆசை ஆசையாகக் கப்பலேற்றிக் கொண்டு வந்ததைத் தூக்கிப் போடவும் மனசு வராது. அத்தாவின் பாட்டனார் ஆட்களை எல்லாம் புதருக்குள் உட்கார வைத்துவிட்டார்.

புதர் இருக்கிற இடங்களில் அவற்றைத் தனியாக எடுத்தால்தான் தாளைப் பிரிக்க முடியும். அப்படியே பிரித்தால் ஒட்டுகள் இழுத்துக்கொண்டு கிழித்துவிடும். ஆனால் வீட்டுக்காரர்கள் சரி என்று சொல்லாமல் கை வைக்க மாட்டேன் என்கிறார் தமிழ்வாணி. ஒட்டியதும் இந்த வீடு செய்ததுதானே என்கிறார். நான் மட்டும் வீட்டுக்காரன் இல்லை, அக்காவைக் கேட்க வேண்டும் என்று சொல்லி வேலையை நிறுத்தி வைத்திருக்கிறேன். போன தடவை கேட்காமல் செய்து பட்டது போதும். மேகம் வேறு கட்டிக்கொண்டு நிற்கிறது. சீக்கிரம் எழுது.

யூனுஸ்


மேலூர்
11 ஜூலை 2024

யூனுஸுக்கு,

ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். எடுக்கச் சொல். ஒரு புதர்கூடத் தொலையக் கூடாது. எது எந்த இடத்தில் இருந்தது என்று பின்னால் பென்சிலில் எழுதி வைக்கச் சொல்.

இத்தனை நாளும் அவர்கள் ஜும்ஆவுக்குப் போகவே இல்லை. அங்கேயேதான் இருந்திருக்கிறார்கள். உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடைக்குப் போய்த் துணி வெட்ட உட்கார்ந்தேன், வெட்ட ஓடவில்லை. மச்சானிடம் சொன்னால், 'அப்ப ஒன்னத்தான் அவங்க பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க' என்கிறார்.

அத்தாவின் புதருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் உடனே எழுது. நீ என்னைக் கேட்டுவிட்டுச் செய்ததற்கு நன்றி.

சாதிகா


சிம்மக்கல்
16 ஜூலை 2024

அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி.

நாய்.

கறுப்பு நாய். நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, இரண்டு கால்களையும் முன்னால் நீட்டிப் படுத்திருக்கிறது. தெருவில் நாய் உரசினால் வீட்டுக்கு வந்து கைலியை மாற்றிவிட்டுத் தொழுகிற நம் அத்தா, நாற்பது வருடமாக அதன் மேல்தான் முதுகைச் சாய்த்துக்கொண்டு தஸ்பீஹ் ஓதியிருக்கிறார். ஃபர்ஹா சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தமிழ்வாணிக்கு விஷயம் புரியவில்லை, விளக்கிச் சொன்னதும் அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. அத்தாவின் எண்ணெய்க் கறையை அவர் தொடவில்லை. அதுவும் படத்தில் சேர்ந்ததுதான் என்கிறார்.

படகில் ஒரு புருஷனும் பெண்சாதியும் இருக்கிறார்கள். பாலத்தில் இரண்டு பெண்கள், ஒருத்தி கூடையோடு. எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள், உன்னை விசாரித்தார்கள்.

இவர்களை இனி என்ன செய்வது? மறுபடியும் மாட்டும்போது புதரை ஒட்டி மூடுவதா, அப்படியே விடுவதா? அந்த ஹாலில் நான் தொழ வேண்டும். மூடவும் மனசு வரவில்லை. நீ சொல்வதுதான் முடிவு.

யூனுஸ்


மேலூர்
21 ஜூலை 2024

யூனுஸ்,

சிரித்ததில் புரையேறிவிட்டது. மச்சான் அடுப்படியிலிருந்து ஓடி வந்து தலையில் தட்டினார். உன் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். அவரும் புரையேறினார். போனை எடுத்து உன் நம்பரைத் தேடும் வரைக்கும் போய்விட்டேன். ஆணை ஞாபகம் வந்து வைத்துவிட்டேன்.

அத்தா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? 'நல்லவேள, நான் போனப்புறம் பாத்தீங்கடா' என்றிருப்பார்.

புதர் விஷயத்துக்கு வழி இருக்கிறது. சட்டைப் பைக்கு மூடி வைத்துத் தைப்போமே, மேல் விளிம்பு மட்டும் பிடித்திருக்கும், கீழே தூக்கினால் தூக்க வரும். அதுபோல ஒவ்வொரு புதரையும் மேல் ஓரத்தில் மட்டும் ஒட்டச் சொல். தொழுகிறபோது மூடியிருக்கட்டும். பார்க்கிறவர்கள் தூக்கிப் பார்த்துக்கொள்ளட்டும். பாட்டனார் வெட்டியதும் இருக்கும், வெள்ளைக்காரன் வரைந்ததும் இருக்கும். இது ஆகுமா என்று தமிழ்வாணியைக் கேட்டு எழுது. உன் எழுத்து வர வர நன்றாக இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் இப்படி எழுதியிருந்தால் பாஸாகியிருப்பாய்.

நிக்காஹ் சேலைக்கு ஃபர்ஹா ரவிக்கை அளவு அனுப்பியிருந்தாள். தைத்துக்கொண்டிருக்கிறேன். தைப்பது வேறு, வருவது வேறு.

சாதிகா


சிம்மக்கல்
2 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு ஸலாம்.

உன் யோசனை ஆகும் என்றார் தமிழ்வாணி. ஆகும் என்ன, நோட்டில் படம் போட்டே வைத்துக்கொண்டார்.

நேற்றுச் சாயங்காலம் இங்கே பேய் மழை. சுவர் விழுந்துவிட்டது. முன்பே முட்டுக் கொடுத்திருந்ததால் மேல்தளம் நிற்கிறது. யாருக்கும் ஒன்றும் இல்லை. கடைசித் துண்டு மட்டும்தான் அப்போது சுவரில் இருந்தது, அதையும் எடுத்தாகிவிட்டது. தாள் எல்லாம் பத்திரம். எனக்குத் தோளில் லேசாகப் பிடிப்பு, வேறொன்றும் இல்லை. கடைசித் துண்டு பாலமும் நாயும் இருக்கிற துண்டு.

இடிந்த இடத்தில் ஹால் வெளிச்சமாக இருக்கிறது. பார்க்கத்தான் பிடிக்கவில்லை.

யூனுஸ்


மேலூர்
10 ஆகஸ்ட் 2024

என் தம்பி யூனுஸுக்கு,

லேசாகப் பிடிப்பா? ஃபர்ஹா எனக்கு எல்லாம் சொல்லிவிட்டாள்.

காரை பாளமாகக் கழன்று, தாள் மேலே மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கியதாமே. பின்னால் ஒட்டியிருந்த காரைக் கனத்தில் எந்த நிமிஷமும் கிழிந்துவிடும் என்கிற நிலையில் நீ ஓடிப்போய் இரண்டு கைகளையும் தூக்கி, மார்போடு சேர்த்துப் பிடித்தாயாம். தமிழ்வாணியும் பேச்சிமுத்துவும் பின்னாலிருந்து காரையைச் சுரண்டிச் சுரண்டிக் கனத்தைக் குறைத்துப் பலகை கொடுக்கிற வரைக்கும் அப்படியே நின்றாயாம். மேலே சுவர் விரிசல் விடுகிற சத்தம் கேட்டதாம். 'எல்லாரும் விட்டுருங்க விட்டுருங்கன்னு கத்துறாங்க மாமி. அத்தா கையவே எடுக்கல. இது எங்க அக்காளோடதுங்குறாரு, அதையே சொல்லிக்கிட்டு நிக்கிறாரு' என்று பிள்ளை அழுகிறாள். தாளுக்காகவா அங்கே போய் நிற்பாய் மடையா? அது தாள்தானடா.

பார், என்னையே அந்த வார்த்தையைச் சொல்ல வைத்துவிட்டாய். எழுதிவிட்டு நானும் அழுதேன்.

இனி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உன் முதல் கடிதம் வந்த மறுநாளே இங்கே பள்ளிவாசல் ஹஜ்ரத்தைப் போய்ப் பார்த்தேன். நன்றாகத் திட்டினார். கூடப் பிறந்தவனோடு பேச மாட்டேன் என்று போட்ட ஆணையை முறிப்பதுதான் நல்லது, முறித்துவிட்டு அதற்குப் பரிகாரமாகப் பத்து ஏழைகளுக்கு வயிறாரச் சோறு போடு, தீர்ந்தது என்றார். அப்போதே போட்டிருக்கலாம். போடவில்லை. ஏன் என்றால், இத்தனை வருடமாகப் போனில் நீ என்னிடம் பேசியது எல்லாம் சேர்த்து, 'சாப்ட்டியாக்கா? சரி, வச்சுர்றேன்.' அவ்வளவுதான். கடிதத்தில் நீ உட்கார்ந்து பேசினாய். நான் சோறு போட்டுவிட்டால் கடிதம் நின்றுவிடும். அடுத்த கடிதம் வரட்டும், அதற்கடுத்தது வரட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அந்தச் சுவர் உன் தலையில் விழுந்திருந்தால் நான் என்னவாகியிருப்பேன்?

நேற்று ஜும்ஆ முடிந்ததும் பத்துப் பேரை உட்கார வைத்து நெய்ச்சோறும் கறி ஆணமும் என் கையால் பரிமாறினேன். தீர்ந்தது. பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு வாரேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நான் வந்து சேர்ந்தாலும் சேர்வேன். அப்படியானால் நான் போன பிறகு படி. வாசலில் நின்று 'சாப்ட்டியாக்கா' என்று மட்டும் கேட்டுத் தொலைக்காதே.

அக்கா
சாதிகா


சிம்மக்கல்
24 செப்டம்பர் 2024

அக்காவுக்கு ஸலாம்.

நேற்றுத்தான் போனில் பேசினோம். சாப்பிட்டாயா என்று கேட்டேன், சாப்பிட்டேன் என்றாய், வைத்துவிட்டோம். மற்றதை எழுதுகிறேன்.

அன்று உன் கடிதம் நீ வந்து போன மறுநாள்தான் கிடைத்தது. வாசலில் வந்து நின்று, இரண்டு மாதம் கழித்து என்னைப் பார்த்து நீ சொன்ன முதல் வார்த்தை 'கையத் தூக்கு பாப்போம்.' தூக்க முடியவில்லை. உன் முகத்தைப் பார்த்ததும் பாதி வலி போய்விட்டது, மீதிக்கு உன் எண்ணெய். இப்போது சட்டையை நானே மாட்டிக்கொள்கிறேன். ஆணியில் இல்லை.

நிக்காஹ் அன்று மாமி கையால் தைத்த ரவிக்கை என்று ஃபர்ஹா வந்தவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள், நீ அடுப்படியில் ஆளை விரட்டிக்கொண்டிருந்ததால் கேட்டிருக்க மாட்டாய். இப்போது மாப்பிள்ளையோடு மறுவீட்டுக்கு வந்திருக்கிறாள். நீ இல்லாமல் இந்த நிக்காஹ் எனக்கு நிக்காஹாகவே இருந்திருக்காது அக்கா. இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது.

தயாராகி மாட்டியிருப்பது பாலத்துத் துண்டு ஒன்றுதான். மற்றவற்றின் முதுகில் இன்னும் காரை சுரண்ட வேண்டும், பொங்கல் ஆகும் என்று தமிழ்வாணி சொல்கிறார். புதுச் சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்றுப் போக இடம் விட்டு மரச்சட்டத்தில் நிறுத்தியிருக்கிறோம். ஒவ்வொரு துண்டு வரும்போதும் உனக்கு ஒரு கடிதம் வரும்.

நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜூலை முதல் வாரமே மச்சான் எனக்கு போன் போட்டார். 'உங்கக்கா ஹஜ்ரத்தப் பாத்துட்டு வந்துட்டா மாப்ள. பத்துப் பேருக்குச் சோறு போட்டாப் பேசிரலாமாம். ஆனா போட மாட்டேங்கிறா, தெனம் தபால்காரர எதிர்பாத்து வாசல்ல நிக்கிறா' என்றார். நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி அடுத்த கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

புதரை நீ சொன்னபடி மேல் ஓரத்தில் மட்டும் ஒட்டியிருக்கிறார்கள், அத்தாவின் எண்ணெய்க் கறையோடு. இன்று அஸருக்குப் பிறகு அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். யாரும் பார்க்கவில்லை என்று மெல்லத் தூக்கிப் பார்த்துவிட்டு மூடினேன். பின்னால் ஃபர்ஹா நின்றுகொண்டிருந்தாள், மாப்பிள்ளைக்குக் காட்ட வந்தாளாம்.

தம்பி
யூனுஸ்